காசு போட்டவருக்கு எத்தனை வாக்கு?

“காசு போட்டது நாங்கள், முடிவையும் நாங்கள்தான் எடுப்பம்.” ஊர்ச் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் புதிதில்லை. சிலவேளை நேராகவே வரும். சிலவேளை “அங்க நிக்கிறவைக்கு இதுகள் விளங்காது” என்று சுத்தி வளைத்து வரும். பதிலுக்கு ஊரிலிருந்து ஒருவர் “காசை வச்சுக்கொண்டு எங்களை ஆள வெளிக்கிடாதேங்கோ” என்று போடுவார். ரெண்டு பேர் குழுவை விட்டு வெளியேறுவார்கள். அட்மின் ஒரு நாளைக்குக் குழுவைப் பூட்டி வைப்பார். அடுத்த நாள் வழமைபோலக் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கும். கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக் கதைக்க விரும்புகிறோம். ஓர் அமைப்பின் ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கூடுவது இணையத்தில். காசு ஓரிடத்திலிருந்து வருகிறது, வேலை இன்னோரிடத்தில் நடக்கிறது. இப்படியான அமைப்பில் வாக்கை எப்படிப் பங்கிட்டால் நியாயம்?

குடாநாட்டுக்கு இது சின்ன விசயமில்லை. யுத்தமும் புலப்பெயர்வும் சேர்ந்து ஒவ்வோர் ஊரையும் நாலைந்து நேர வலயங்களுக்குள் பிரித்துப் போட்டிருக்கின்றன. பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிளை, ரொறன்ரோவில் ஒரு கிளை. சனசமூக நிலையத்தின் கூரை பாரிசில் சேர்த்த காசில் போடப்படுகிறது. முன்பள்ளி ஆசிரியையின் மாதக் கொடுப்பனவு, பள்ளிக்கூட மைதானம், வாசிகசாலைப் புத்தகம், மயானத்து மதில், குடிதண்ணீர்த் திட்டம் என்று எத்தனையோ விசயங்கள் சூம் கூட்டத்திலும் வட்ஸ்அப் வாக்கெடுப்பிலும் முடிவாகின்றன. அப்படிப் பேர் வைக்காவிட்டாலும், பரவலாக்கப்பட்ட இணைய அமைப்புகளுக்குள்தான் நாங்கள் ஏற்கனவே வாழ்கிறோம்.

எங்களுடைய நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். காசு தருபவருக்கு நன்றியும் கணக்கும் கேள்வி கேட்கிற உரிமையும் உண்டு. தன்னுடைய காசு எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லுகிற உரிமையும் உண்டு. ஆனால் அமைப்பின் வாக்கைக் காசின் நிறைக்கு நிறுத்துக் கொடுக்கக் கூடாது. முடிவின் விளைவோடு தினமும் வாழ வேண்டியவர்கள், அந்த முடிவில் தோற்கடிக்கப்பட முடியாத அளவுக்குப் பலத்தோடு இருக்க வேண்டும்.

ரோக்கன் உலகம் படித்த பாடம்

இதே பிரச்சினையோடு உலகத்தில் இன்னொரு கூட்டமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஊரே இல்லை. ‘டாவோ’ எனப்படும் பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்புகளைத்தான் சொல்கிறோம். தலைமைக் காரியாலயம் இல்லை, தலைவர் செயலாளர் இல்லை, விதிகள் கணினி நிரலாக எழுதப்பட்டிருக்கும். உறுப்பினர் கையில் ரோக்கன் இருக்கும். தீர்மானம் ஒன்று வந்தால் ரோக்கனைக் கொண்டு வாக்களிப்பார்கள். வென்ற தீர்மானத்தைப் பல இடங்களில் நிரலே நிறைவேற்றும்.

பெரும்பாலான டாவோக்களில் ஒரு ரோக்கனுக்கு ஒரு வாக்கு. ஆயிரம் ரோக்கன் வாங்கினவருக்கு ஆயிரம் வாக்கு. “நடுவர் இல்லை, முதலாளி இல்லை, எல்லாரும் சமம்” என்று தொடங்கிய இடம் எங்கே போய் நின்றது? செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2022 இல் பெரிய டாவோக்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்தது. ரோக்கன் வைத்திருப்பவர்களில் ஒரு வீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 வீத வாக்குப் பலம் குவிந்திருந்தது. நிரல்தான் பரவிக் கிடந்தது. அதிகாரம் ஓரிடத்தில் திரண்டு விட்டது.

இது எப்படி வெடிக்கும் என்பதற்கு ரெண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

முதலாவது ஸ்டீம். 2016 இல் தொடங்கிய வலைப்பதிவுச் சமூகம் அது. எழுதுகிறவர்களுக்கும் வாசித்து மதிப்பிடுகிறவர்களுக்கும் ரோக்கன் கிடைக்கும். வலையமைப்பை நடத்துகிற ‘சாட்சிகள்’ என்ற 20 பேரை ரோக்கன் வாக்கால் தெரிவு செய்வார்கள். 2020 பெப்ரவரியில், ட்ரோன் வலையமைப்பின் ஜஸ்ரின் சன் ஸ்டீமிற் நிறுவனத்தை வாங்கினார். தொடக்கத்திலிருந்தே அந்த நிறுவனத்திடம் ஒரு பெரிய ரோக்கன் குவியல் இருந்தது. அதுவும் அவர் கைக்குப் போனது. சமூகம் பயந்து அந்தக் குவியலை முடக்கியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹூவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய பரிமாற்றகங்கள் தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைப்பிட்டிருந்த ரோக்கன்களைக் கொண்டு வாக்களிக்க, பழைய சாட்சிகள் தூக்கி எறியப்பட்டார்கள். அதாவது ஆரோ ஒருவர் சேமிப்புக்கு வைத்த காசை வைத்து, அவரையே கேட்காமல் வாக்குப் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பு வந்தபிறகு பைனான்சும் ஹூவோபியும் அந்த வாக்குகளை மீளப் பெற்றன. 2020 மார்ச் 20 இல் சமூகத்தில் பெரும்பகுதி நிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு ‘ஹைவ்’ என்ற புதிய பேரில் வெளியேறியது.

இரண்டாவது பீன்ஸ்டோக். 2022 ஏப்ரலில் ஒருவர் ஒரே பரிவர்த்தனைக்குள் கிட்டத்தட்ட 100 கோடி டொலர் கடன் எடுத்தார். அந்தக் காசால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்குப் பலம் பெற்றார். முதல் நாளே போட்டு வைத்திருந்த தீர்மானத்தை அமைப்பின் நெருக்கடிநேர விதியைப் பாவித்து உடனே நிறைவேற்றினார். அமைப்பின் கஜானா துடைத்தெடுக்கப்பட்டது. கடனையும் திருப்பிக் கட்டிவிட்டார். எல்லாம் சில செக்கன்களுக்குள். அமைப்புக்கு நட்டம் சுமார் 18 கோடி டொலர். வாக்கெடுப்பு என்று பார்த்தால் எல்லாம் விதிப்படி நடந்தது. பூட்டை உடைத்த திருடன் இல்லை அவர், அந்தக் கணத்துக்குச் சட்டபூர்வப் பெரும்பான்மை.

ஸ்டீம் ஆட்களுக்கு ஒரு வழி இருந்தது என்பதைக் கவனியுங்கோ. பிடிக்கவில்லை என்றால் நிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு போகலாம். எங்கட ஊர்க் கிணத்தைப் பிரதியெடுக்கேலாது. பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் தூக்கிக்கொண்டு புதுப் பேரில் இன்னோர் இடத்தில் வைக்கவும் ஏலாது. அதனால் வாக்குப் பங்கீடு அவர்களை விட எங்களுக்குத்தான் பெரிய விசயம்.

இந்த வாதம் எங்களுக்குப் பழசு

“கூடப் பங்கு உள்ளவருக்குத்தான் கூடக் கவலை இருக்கும், ஆகவே அவருக்குத்தான் கூட வாக்கு” என்பது ரோக்கன்காரரின் வாதம். கேட்கப் புதிசாக இருக்கும். ஆனால் இந்த வாதத்தை நூறு வருசத்துக்கு முதலே நாங்கள் கேட்டிருக்கிறோம்.

1931 க்கு முதல் இலங்கையில் வாக்களிப்பதற்குச் சொத்தோ வருமானமோ படிப்போ தேவை. சனத்தொகையில் சுமார் 4 வீதமானவர்களுக்குத்தான் வாக்குரிமை இருந்தது. டொனமூர் ஆணைக்குழு 1927 இல் வந்து, 1928 இல் அறிக்கை தந்து, சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதை எதிர்த்தவர்களில் எங்கட பெரிய தலைவர் சேர். பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். படிக்காதவர்கள், பெண்கள், சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் கையில் வாக்குப் போவதை அன்றைய மேட்டுக்குடி விரும்பவில்லை. ஆனாலும் 1931 இல் 21 வயது வந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். ஆசியாவில் அது முதல் தடவை. நாலு காணி வைத்திருந்தவருக்கும் அந்தக் காணியில் கூலிக்கு வேலை செய்தவருக்கும் பெட்டிக்குள் போட ஒரு வாக்குத்தான்.

ஒரு ரோக்கன் ஒரு வாக்கு என்பது அந்தப் பழைய சொத்து வாக்குரிமைதான். “அங்க நிக்கிறவைக்கு இதுகள் விளங்காது” என்பதும் அதன் பேரப்பிள்ளை.

அதே 1931 இல் இன்னொன்றும் நடந்தது. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்நின்று வளர்த்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளும் அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்தன. 1934 இல்தான் நிரப்பப்பட்டன. வாலிபர் காங்கிரஸின் கொள்கையில், சாதி வேற்றுமைக்கு எதிராக அவர்கள் நின்ற விதத்தில் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் நாற்காலி வெறுமையாக இருந்த மூன்று வருசமும் சபை நடந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்கு ஊரில் இருக்கிற பலர் “அவையே முடிவெடுக்கட்டும்” என்று வட்ஸ்அப் குழுவைச் சத்தம் போடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம்

கற்பனையாக ஓர் ஊரை எடுப்பம். சங்கத்தில் 120 பேர். ஊரில் இருப்பவர் 100 பேர், ஆளுக்கு 5,000 ரூபா தருகிறார்கள். வெளிநாட்டில் 19 பேர், ஆளுக்கு 80,000 ரூபா. இன்னொருவர் தனியாக 20 இலட்சம். மொத்தம் 40 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா.

காசுக்கு வாக்கு என்றால் பெரிய கொடையாளரிடம் கிட்டத்தட்ட 50 வீதம் இருக்கும். அவரோடு இன்னொருவர் சேர்ந்தால் போதும், முடிவு முடிந்தது. ஊரில் இருக்கிற 100 பேருக்கும் சேர்த்து 12 வீதம்தான். அவர்கள் நூறு பேரும் ஒரே குரலில் “வேண்டாம்” என்றாலும் அது கேளாது.

இதைச் சரிசெய்ய வர்க்கமூல முறை என்று ஒன்றை இணைய அமைப்புகள் சில கையாளுகின்றன. ஒரு வாக்குக்கு ஒரு பங்கு விலை, ரெண்டு வாக்குக்கு நாலு பங்கு, மூன்று வாக்குக்கு ஒன்பது பங்கு. காசு கூடக் கூட வாக்கும் கூடும், ஆனால் மெதுவாக. 5,000 ரூபாவை ஒரு பங்காக வைத்தால் ஊராருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, மொத்தம் 100. 80,000 தந்தவர்களுக்கு ஆளுக்கு 4 வாக்கு, மொத்தம் 76. இருபது இலட்சக்காரருக்கு 20 வாக்கு. இப்போது ஊரின் பலம் 51 வீதம், பெரியவரின் பலம் 10 வீதம். வடிவான கணக்கு.

ஆனால் எங்கட ஆக்களைத் தெரியும்தானே. அவர் அந்த 20 இலட்சத்தை மச்சான், சகலன், சித்தப்பா மகன் என்று 25 பேரின் பேரில் ஆளுக்கு 80,000 ஆகப் பிரித்துப் போட்டால் என்ன நடக்கும்? அந்த 25 பேருக்கும் ஆளுக்கு 4 வாக்கு. இருபது வாக்கு நூறு வாக்காகிவிடும். ஊரின் பலம் 36 வீதத்துக்கு இறங்கிவிடும். இது யாழ்ப்பாணத்தாரின் கெட்டித்தனம் மட்டுமில்லை. வர்க்கமூல முறையில் நிதி பங்கிட்ட கிட்கொயின் என்ற அமைப்புக்கும் போலிக் கணக்குகள்தான் பெரிய தலையிடி. அதற்காகவே அவர்கள் ஆளை உறுதிப்படுத்தும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டி வந்தது.

ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்றாலும் இதே வில்லங்கம் இருக்கிறது. இணையத்தில் ‘ஆள்’ என்றால் யார்? ஒருவருக்கு மூன்று சிம், மூன்று மின்னஞ்சல் இருந்தால் மூன்று ஆளா? ரோக்கன்காரர் ஆளை விட்டுக் காசை எண்ணத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். காசுக்குப் போலி செய்வது கடினம், ஆளுக்குப் போலி செய்வது சுகம்.

வேலையால் வருகிற வாக்கு

காசை விட்டால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதில் சிலது எங்களுக்கு நல்லாகத் தெரிந்த இடங்களிலேயே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் வளைகுடா நாட்டில் இருந்தபடி அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். இலங்கை, தமிழ்நாடு, கனடா, ஐரோப்பா என்று பரவியிருந்த ஆட்கள் ஒரே பக்கத்தில் வேலை செய்தார்கள். விக்கிப்பீடியாவுக்கு உலகம் முழுக்க இருந்து ஏராளம் பேர் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு வாக்கும் கிடைக்காது. அதை நடத்துகிற விக்கிமீடியா அறக்கட்டளையின் சபைக்குச் சமூகம் ஆட்களைத் தெரிவு செய்கிற தேர்தல்களில், 2021, 2022 ஆம் ஆண்டுகளில் தொகுப்பாளர் ஒருவர் வாக்களிப்பதற்கு மொத்தம் 300 தொகுப்புகளும், கிட்டடியில் 20 தொகுப்புகளும் செய்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 300 செய்தவருக்கும் ஒரு வாக்கு, மூன்று இலட்சம் செய்தவருக்கும் ஒரு வாக்கு. வேலை வாசலைத் திறக்கும். உள்ளே போனபிறகு எல்லாருக்கும் சமம்.

டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு 1993 இலிருந்து உலகம் முழுக்கப் பரவிய தன்னார்வலர்களால் நடக்கிறது. அங்கேயும் ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு. புதிதாக வருபவரின் அடையாளத்தை ஏற்கனவே உள்ள உறுப்பினர் உறுதிப்படுத்த வேண்டும். எங்கட பாசையில் சொன்னால், “இவர் ஆர், ஆற்ற பொடியன்” என்று தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். இந்த விசயத்தில் ஊர்ச் சங்கங்களுக்கு டாவோக்களை விட வசதி கூட. ஆளை ஆள் தெரியும். விதானையார் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் இடாப்பு எழுதுகிற நாடு இது. போலி ஆளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நிரல் தேவையில்லை, ரெண்டு அயலவர் போதும்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. நாடகத்துக்கும் கூட்டத்துக்கும் போகிற வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவுத் தலைவர் வீ. வீரசிங்கத்தின் பேரைச் சுமந்து நிற்கிறது. மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நடத்தினார்கள். கடற்கரை ஊர்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், சங்கங்களைச் சேர்த்துச் சமாசமும், அதற்கு மேல் சம்மேளனமும் இருக்கின்றன. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. 1844 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நெசவாளர்களிடமிருந்து வந்த அந்த விதி, எங்கட கடற்கரைக்கும் பனங்கூடலுக்கும் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கூட்டுறவுகளுக்கும் குறை இருக்கிறது, அரசியல் புகுந்திருக்கிறது, கணக்கில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆனாலும் பெரிய படகுக்காரருக்கும் சின்னத் தோணிக்காரருக்கும் ஒரே வாக்கு என்பதை எங்கட சனம் நடைமுறையில் செய்து பார்த்திருக்கிறது. “எங்கட ஆக்களுக்கு இது சரிவராது” என்று ஒருவரும் சொல்லேலாது.

இடாப்பில் ஆர் இல்லை?

வாக்கை எப்படி எண்ணுவது என்பதையே கதைத்துக்கொண்டிருந்தால் இன்னொன்று தப்பிவிடும்: ஆரை எண்ணுகிறோம்?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மலையகத் தமிழர் பெருந்தொகையாக வாக்குரிமை இழந்தார்கள். எண்ணும் முறையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு அப்படியே இருந்தது. ‘ஆள்’ என்பதற்கான வரைவிலக்கணத்தை மட்டும் மாற்றினார்கள். நியாயமான முறை ஒன்றை அநியாயமாக்க இடாப்பைத் தொட்டாலே போதும்.

ஊர்ச் சங்கங்களின் இடாப்பு இப்போது வட்ஸ்அப் குழுதான். அதில் ஆர் இல்லை? ஸ்மார்ட் போன் இல்லாத முதியவர்கள். டேட்டா போட முடியாத நாட்கூலிக்காரர். “மனிசன் இருக்கிறார்தானே” என்று சேர்க்கப்படாத பெண்கள். வாடகைக்கு இருப்பவர்கள். இடம்பெயர்ந்து வந்து இருபது முப்பது வருசமாக அதே ஊரில் இருந்தாலும் “வந்தவை” என்றே சொல்லப்படுகிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரின் விளிம்பில் வைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் அந்தக் கிணத்தில் தண்ணி அள்ளுகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்கள் இல்லாத குழுவில் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு வைத்தாலும் அது பாதி ஊரின் சனநாயகம்தான்.

நேரமும் ஒரு வாக்குத்தான். கோடை காலத்தில் ரொறன்ரோவில் இரவு 8 மணிக்கு வைக்கிற சூம் கூட்டம் யாழ்ப்பாணத்தில் விடிய 5.30. அந்த நேரத்தில் கடலுக்குப் போனவர் கரைக்கு வந்திருக்க மாட்டார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற அம்மா அடுப்படியில் நிற்பார். கூட்ட நேரத்தைத் தீர்மானிப்பவர் வாக்கெடுப்புக்கு முதலே பாதி வாக்கைப் போட்டுவிடுகிறார். அட்மின் பொத்தானும் அப்படித்தான். ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் குழுவைப் பூட்டவும் முடிந்தவரின் கையில் எல்லாரையும் விடப் பெரிய வாக்கு இருக்கிறது.

மறுபக்க நியாயங்கள்

எதிர்த்துச் சொல்லக்கூடியதையும் பார்க்கவேணும். “வாக்கு இல்லையென்றால் காசு நின்றுவிடும்” என்பது முதல் வாதம். எங்களுக்கு அந்தளவு பயம் இல்லை. கோயில் திருவிழாவில் உபயகாரர் ஒரு நாள் திருவிழாவைப் பொறுப்பெடுக்கிறார். அந்த நாளின் மேளம், பூ, அன்னதானம் அவர் விருப்பம். அதற்காகக் கொடியேற்றம் எந்த நாள் என்று அவர் தீர்மானிப்பதில்லை. கொடுப்பதற்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு பண்பாடு இருக்கிறது. ஒரு வகுப்பறைக்கு என்று தருகிற காசு அந்த வகுப்பறைக்கே போகட்டும், கணக்கு ரூபா சதமாக அவர் கைக்குப் போகட்டும். சங்கத்தின் யாப்பும் நிர்வாகத் தெரிவும் வேறு விசயம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. வெளிநாட்டில் இருப்பவரும் ஊரவர்தான். குளிரில் ரெண்டு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு அது. அவர் விரும்பிப் போகவில்லை, பலர் துரத்தப்பட்டார்கள். இதை நாங்கள் மறுக்கவில்லை. இந்த வெளியேற்றம் இங்கே இருக்கிறவர்களின் அரசியல் பலத்தையும் குறைத்திருக்கிறது. வாக்காளர் எண்ணிக்கை தேய, 2010 இல் 9 ஆசனம் இருந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 இல் 6 ஆசனம்தான். ஆகவே புலத்தில் இருப்பவரை இடாப்பிலிருந்து வெட்டச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு வாக்கு இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஒன்று.

மூன்றாவது, “ஊரில் இருக்கிறவைக்கு அதிகாரம் குடுத்தா நாலு பெரியவர் கையில போயிடும்.” உண்மை. சாதியும் கட்சியும் பெரிய வீடும் ஊரில்தான் கூடக் கூர்மை. அதற்கு மருந்து இரகசிய வாக்கு. கையுயர்த்திக் கேட்கிற இடத்தில், வட்ஸ்அப்பில் ஆர் எதற்குப் போட்டார் என்று தெரிகிற இடத்தில், கூலி தருகிறவருக்கு எதிராக ஆர் கை தூக்குவார்?

என்ன செய்யலாம்?

நாங்கள் கேட்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஐந்து விதிகள்.

முதலாவது, உறுப்பினர் இடாப்பு வட்ஸ்அப்புக்கு வெளியே இருக்க வேண்டும். சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சந்தா, ஏழைக்கும் கட்டக்கூடிய தொகையாக இருக்க வேண்டும். ஊரில் வாழும் 18 வயது வந்த எவரும், எந்தச் சாதியோ, எப்போது வந்து குடியேறினாரோ, கேட்டால் சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது, யாப்பு, நிர்வாகத் தெரிவு, கணக்கறிக்கை ஆகிய மூன்றுக்கும் ஒரு உறுப்பினருக்கு ஒரு இரகசிய வாக்கு. ஊரில் பெட்டி வைத்து, புலத்தில் இணையவழியாக.

மூன்றாவது, ஊரின் காணி, தண்ணீர், பள்ளிக்கூடம் போன்ற விசயங்களில் இரட்டைப் பெரும்பான்மை. ஊரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஆமென்று சொல்ல வேண்டும், எல்லா உறுப்பினர்களிலும் பாதிக்கு மேல் ஆமென்று சொல்ல வேண்டும். ஒப்ரிமிசம் என்ற டாவோ இந்தத் திசையில் போயிருக்கிறது. ரோக்கனுக்கு ஒரு சபை, ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் இன்னொரு சபை. இலங்கை அரசியலமைப்பிலும் இந்தக் கலப்பின் சாயல் உண்டு. மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 160 வாக்காளர் எண்ணிக்கைப்படி போகும். மிச்சம் 36, பெரிய மாகாணமோ சின்ன மாகாணமோ, மாகாணத்துக்கு 4 என்று சமமாகப் போகும்.

நான்காவது, அவசரம் கூடாது. தீர்மானம் முன்வைத்த நாளுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் குறைந்தது இரண்டு கிழமை. தீர்மானம் வந்தபிறகு சேர்ந்தவருக்கு அந்தத் தீர்மானத்தில் வாக்கு இல்லை. பீன்ஸ்டோக்கில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் ஒரு நிமிசக் கோடீசுவரர் ஒருவருக்கும் கஜானா திறந்திருக்காது.

ஐந்தாவது, திறப்பு ஒருவர் கையில் இருக்கக் கூடாது. வட்ஸ்அப் அட்மின் ஊரில் ரெண்டு பேர், புலத்தில் ரெண்டு பேர், வருசத்துக்கு ஒருக்கா மாற்றம். வங்கிக் கணக்குக்கு ரெண்டு கையெழுத்து. கூட்ட நேரம் ஒருமுறை அங்கே வசதிப்பட, ஒருமுறை இங்கே வசதிப்பட.

இதில் ஒன்றுக்கும் பெரிய செலவில்லை. வேண்டியது கையில் பலம் உள்ளவர் அதில் கொஞ்சத்தைக் கீழே வைப்பதுதான், கஷ்டமும் அதுதான். அதனால் கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நாங்கள் கேட்க வேண்டும். உங்கட சங்கத்தின் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் வரும்போது மூன்று கேள்வியை எழுத்தில் போடுங்கோ: உறுப்பினர் இடாப்பு எங்கே ஒட்டப்பட்டிருக்கு? வாக்கெடுப்பு இரகசியமா? குழுவில் இல்லாதவர் எப்படி வாக்களிப்பார்? மூன்றுக்கும் பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்தக் கூட்டத்தின் முதலாவது தீர்மானமாக அதையே முன்மொழியுங்கோ. வழிமொழிய ஒராளை முதலே பிடித்து வையுங்கோ.